நான் நிரப்பிய பக்கம்

எங்கள் பௌதிகவியல் துறை மாணவர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். முன்பு அங்கே வேலை செய்து விலகியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. முப்பத்திமூன்று வயதில் ‘ஓய்வு பெற்றோர் பக்கம்’ என்ற தலைப்பின் கீழ் என் பெயரைக் கண்டபோது முதலில் சிரித்தேன். வேலையை விட்டு மூன்று வருடங்களாகின்றன. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், இழுப்பு வருகிற மகளின் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணுவதுதான் இப்போது என் முழுநேர வேலை.

மின்னஞ்சலின் கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. “உங்களுக்குக் கிடைத்த முடிவு கலைவாணி அக்காவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவரும் விலகிப் போய்விட்டார். நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.”

கலைவாணி விலகியது எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது. எப்படிச் செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

பட்டம் முடித்ததும் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு வருடங்கள் இருந்தேன். முதல் இரண்டு வருடங்களில் நான் கற்றவற்றை எந்தப் புத்தகத்திலும் இதைவிட நன்றாக வாசிக்கலாம். அதை விட்டுவிடுகிறேன். எங்கள் குழு மிகச் சிறியது. அதை நடத்தியவர் ரெஜினா மிஸ். கொட்டாஞ்சேனைக்காரர், காலை ஏழரைக்கு பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். எங்களிடம் பெரிய உபகரணங்கள் இல்லை. அளவீடுகளைச் செய்தது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று. அங்கிருந்து தரவுக் கோப்புகள் எங்களுக்கு வரும். அவற்றைப் பகுப்பாய்வு செய்வது எங்கள் பங்கு.

எதை அளந்தோம் என்பதைச் சொல்லாமல் என் பிழையைச் சொல்ல முடியாது. குவாண்டம் புள்ளி என்பது குறைகடத்திப் பளிங்கு ஒன்றுக்குள் இருக்கும் மிகச் சிறிய தீவு. அதற்குள் ஓர் இலத்திரனை அடைத்துக் கடும் குளிரில் வைத்து, லேசரால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு போட்டன், அதாவது ஓர் ஒளித்துணிக்கை, வெளியே வரும். அந்தப் போட்டன் எந்த முனைவாக்கத்தோடு போனது என்பதும், உள்ளே நிற்கும் இலத்திரனின் ஸ்பின் மேலா கீழா என்பதும் பிணைந்திருக்கும். ஒன்றை அளந்தால் மற்றதைச் சொல்லிவிடலாம். ஆனால் அது மட்டும் போதாது. முன்கூட்டியே சோடி சேர்த்து வைத்த சாதாரணப் பொருட்களும் அப்படிப் பொருந்தும். அளக்கும் திசையைக் குறுக்கே திருப்பினாலும் பொருத்தம் நிலைக்கவேண்டும். அப்போதுதான் அது உண்மையான பிணைப்பு. இரண்டு திசைகளிலும் கிடைப்பதைச் சேர்த்து ஓர் எண்ணாக்குவோம். அந்த எண் பாதியைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் நாங்கள் எதையும் நிறுவவில்லை.

குறுக்குத் திசையில்தான் சிக்கல். காந்தப் புலத்தில் ஸ்பின் சுற்றிக்கொண்டே இருக்கும். போட்டன் எந்தக் கணத்தில் புறப்பட்டது என்பதைப் பொறுத்துப் பொருத்தம் ஏறி இறங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே, லேசர் தட்டிய பிறகு இந்தக் கணம் முதல் இந்தக் கணம் வரை வந்த போட்டன்களை மட்டும் எடுப்போம் என்று ஒரு சிறு நேரத்தை வரையறுப்போம். அதை யன்னல் என்போம். யன்னலைச் சற்றுத் தள்ளினால் எண் மாறும். ஒடுக்கினாலும் மாறும்.

மாறும் என்பதால்தான் மிஸ்ஸிடம் ஒரு சட்டம் இருந்தது. வந்த தரவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் முதலில் திறக்கலாம். அதை நாங்கள் பயிற்சித் தரவு என்போம். அதில் பார்த்து யன்னலைத் தெரிவு செய்யவேண்டும். தெரிவு செய்ததை ஆய்வுக் கொப்பியில் பேனையால் எழுதி, காரணத்தையும் எழுதி, தெரிவு செய்தவரும் மிஸ்ஸும் கையெழுத்திடவேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சம் ஒன்பது பங்கைத் திறக்கலாம். திறந்த பிறகு யன்னலைத் தொடக்கூடாது. என்ன வந்தாலும் வந்ததுதான். கொப்பியில் பிழை எழுதினால் ஒற்றைக் கோட்டால் வெட்டவேண்டும். வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மிஸ் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை. நல்ல வேலை செய்தால் “சரி” என்பார். மோசமான வேலைக்கு “சரி, இனி என்ன?” என்பார். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது மிஸ் ஒரு மாதத்துக்கு அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டார். பெரிய தரவுத் தொகுதி அப்போதுதான் வந்திருந்தது. அவர் திரும்பும்போது நான் பிரசவ லீவில் இருப்பேன். புறப்படும் நாளன்று கொப்பியை என் மேசைக்குக் கொண்டுவந்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அடியில் கையெழுத்திட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

“யன்னலைத் தெரிஞ்செடுத்த உடன இதில எழுதும், கௌரி. எழுதிப் போட்டுத்தான் மற்றதைத் திறக்கவேணும். உமக்குச் சொல்லத் தேவையில்லை” என்றார்.

சொல்லத் தேவையில்லை என்றதை நினைத்து அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பயிற்சித் தரவில் பார்த்து ஒரு யன்னலைத் தெரிவு செய்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தேன். கொப்பியில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இந்த மூன்று வருடமும் என்னையே கேட்டிருக்கிறேன். குனிந்து எழுத வயிறு இடித்தது, பிறகு எழுதலாம் என்று விட்டேன் என்பது ஒரு பதில். எழுதாமல் விட்டால் பிறகு மாற்றலாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று அப்போதே அறிந்திருந்தது என்பது இன்னொரு பதில். எது சரி என்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. துறையில் யாரும் இல்லை. பிற்பகல் இரண்டு மணியளவில் மிச்சத் தரவைத் திறந்து கணக்கை ஓடவிட்டேன். எண் பாதிக்குக் கீழே நின்றது. அளவீட்டுப் பிழைக்கான வழு எல்லையைச் சேர்த்துப் பார்த்தாலும் பாதியைத் தாண்டியதாகச் சொல்ல முடியாது.

சற்று நேரம் கதிரையில் சாய்ந்திருந்தேன். பிள்ளை உள்ளே உதைத்தது. இனி நான் போய்விடுவேன், ஆறு வருடத்துக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பிள்ளைத்தாச்சி, கவனம் போய்விட்டது, அதனால்தான் வரவில்லை என்று சொல்வார்கள் என்றும் நினைத்தேன். அப்படி யாரும் சொன்னதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது.

பிறகு யன்னலைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். பார்ப்பதில் என்ன என்றுதான் தொடங்கினேன். ஒடுக்கிப் பார்த்தேன். பதினொரு யன்னல்கள் பார்த்தேன். ஒன்பதாவதில் எண் பாதியைத் தாண்டியது. பத்தாவதிலும் பதினோராவதிலும் மறுபடி இறங்கியது. ஒன்பதாவதை எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணமும் உடனே கிடைத்தது: லேசர் தட்டிய முதற் கணங்களில் சிதறிய லேசர் ஒளி கலந்திருக்கும், ஆகவே யன்னல் சற்றுப் பிந்தித் தொடங்குவது நல்லது. அது பொய்யான காரணம் அல்ல. எந்தப் பாடநூலும் அதை ஏற்கும். முடிவைப் பார்த்த பிறகு தேடிப் பிடித்த காரணம் என்பதுதான் அதில் உள்ள பிழை.

மிஸ்ஸின் கையெழுத்துக்கு மேலே அந்த யன்னலையும் காரணத்தையும் அழகாக எழுதினேன். முதல்நாள் திகதியைப் போட்டேன். என் கையெழுத்தை வைத்தேன். மற்றப் பத்து யன்னல்களும் இருந்த கோப்பை அழித்தேன். துண்டுக் காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குப்பைக்குள் போட்டேன்.

கட்டுரை வெளிவந்தபோது என் பெயர்தான் முதலில் இருந்தது. மகளுக்கு அப்போது நான்கு மாதம். மிஸ் தொலைபேசியில் எடுத்து, “நல்லது, கௌரி” என்றார். ‘சரி’ என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லீவு முடிந்தும் நான் திரும்பவில்லை. மகளுக்கு இழுப்பு, பார்க்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டும் உண்மை. என் கணவர் ரமணன், நல்ல வேலையை ஏன் விடுகிறாய், பகலில் பார்க்க ஓர் ஆளைத் தேடுவோம் என்றுதான் சொன்னார். தேடிய ஒவ்வொருவரிடமும் நான் ஒரு குறை கண்டேன்.

என் இடத்துக்கு வந்தவள்தான் கலைவாணி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துப் படிப்பித்தவர். மேற்படிப்புப் பதிவோடு வந்த உதவியாளர் வேலை. முதல் முடிவை ஒப்புக்கொள்ளும்படி காட்டினால்தான் பதிவு நீடிக்கும். அவளுக்குக் கொடுக்கப்பட்டது எளிதான வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே குவாண்டம் புள்ளி, புதிய தரவு, கொப்பியில் எழுதியிருக்கும் அதே யன்னல். கௌரி கண்டதைத் திரும்பக் கண்டால் போதும்.

அவளுக்கு அது வரவில்லை. ஒருநாள் காலையில் என் வீட்டைத் தேடி வந்தாள். மகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது, சோறு தீத்திக்கொண்டிருந்தேன். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள்.

“எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசே பரவாயில்ல அக்கா. அது எப்பவும் ஒரே பக்கந்தான் ஏமாத்தும். இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டுது” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “நீங்க இந்த யன்னல எப்படித் தெரிஞ்சீங்க? பயிற்சித் தரவுல பாத்தா எனக்கு அது வரவே மாட்டேங்குது” என்று கேட்டாள்.

நான் மகளின் வாயைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

“பயிற்சித் தரவில பார்த்துத்தான் எடுத்தனான். லேசர் ஒளி கலக்கும், அதால பிந்தித் தொடங்கவேணும். காரணம் கொப்பியில இருக்கு” என்றேன்.

“அத வாசிச்சேன் அக்கா.”

“அப்ப உம்மட கம்பியூட்டர் கோட்ல எங்கயோ பிழை இருக்கும். முதல்ல இருந்து ஒருக்காப் பாரும்.”

அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்திருக்கலாம். அவள் தலையாட்டினாள், நன்றி சொன்னாள், மகளுக்குக் கொண்டுவந்திருந்த பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் வரவில்லை. சரியாகிவிட்டது போலும் என்று நான் நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

மாணவர்களின் மின்னஞ்சல் வந்து மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. மகளோடு ஆறுதலாக இருக்க முடியவில்லை. சும்மா இருமினாலும் மருந்துக் குழாயை எடுத்தேன். ரமணன் என்ன நடந்தது என்று கேட்டபோது முழுவதையும் சொன்னேன். அவர் கணக்காளர். கேட்டு முடித்து, இது எங்கள் தொழிலில் நடந்தால் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும்தானே என்று மட்டும் கேட்டார். பிறகு, சனிக்கிழமை மகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் கொட்டாஞ்சேனையில் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். மேல்மாடிப் பல்கனியில் உட்காரவைத்தார். அங்கிருந்து துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இடையில் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் அவர் தண்ணீர் எடுக்க எழும்பியிருப்பார். அது எனக்கு வசதியாகப் போயிருக்கும்.

மிஸ் கேட்டார்.

“எத்தினை யன்னல் பார்த்தனீர்?”

“பதினொண்டு, மிஸ்.”

“பட்டியல்?”

“அழிச்சிட்டன்.”

உள்ளே போய் ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்தார். “ஞாபகத்தில இருக்கிறதை எழுதும். ஞாபகம் இல்லாததுக்கு ஞாபகம் இல்லையெண்டு எழுதும்.”

எட்டு ஞாபகம் இருந்தன. மூன்றுக்கு ஞாபகமில்லை என்று எழுதினேன். கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தார். வேண்டாம் மிஸ் என்று தடுத்தேன்.

“வெறும் பக்கத்தில முதல்ல வைச்சது நான்தானே” என்றார். “சஞ்சிகைக்குக் கட்டுரையைத் திருப்பி எடுக்கச் சொல்லி நான் எழுதுறன். கலைவாணிக்கு நீர் போய்ச் சொல்லும். போனில வேண்டாம். போக முதல் இதை வாசியும்.”

கலைவாணியின் ஆய்வுக் கொப்பியை என் மடியில் வைத்தார். விலகும்போது அவள் கொடுத்துவிட்டுப் போனதை வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். “நான் இந்தப் பிள்ளைக்கு ‘சரி, இனி என்ன?’ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன், தெரியுமோ” என்றார். அந்த முகத்தில் நான் முதல்முறையாக ஒரு மாற்றத்தைக் கண்டேன். அதைப் பார்த்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பஸ்ஸிலேயே வாசிக்கத் தொடங்கினேன். சின்ன, நேரான எழுத்து. என் யன்னல் பொருந்தாமல், வந்த ஏழு தரவுத் தொகுதிகளிலும் பயிற்சித் தரவில் தானே யன்னலைத் தெரிந்து, எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு திறந்திருக்கிறாள். ஏழு தடவையும் ‘பிணைப்பு நிறுவப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். ஏழும் சரி. எட்டாவது பதிவு என் வீட்டுக்கு வந்த நாளுக்குரியது. ‘கௌரி அக்காவிடம் கேட்டேன். என் கோட்டில் பிழை இருக்கும் என்கிறார். முதலிலிருந்து.’ அதன் பிறகு நான்கு மாதப் பக்கங்கள். கணினிக் கோட்டின் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, பக்கத்தில் சரி அடையாளம் இட்டிருக்கிறாள். பிழை எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில், ‘பிழையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று இருந்தது. நான் இறங்கவேண்டிய வெள்ளவத்தை மார்க்கட் தரிப்பைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்ப நடந்தேன்.

கலைவாணி இப்போது கிருலப்பனையில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஒரு நிறுவனத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு மூன்று மொழிகளிலும் பதில் சொல்லும் வேலை. ஞாயிறு காலையில் போனேன். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு, பாப்பாவுக்கு இழுப்பு எப்படி என்று விசாரித்தாள். நான் நின்றபடியே சொன்னேன். யன்னல், பதினொன்று, திகதி, அழித்த கோப்பு, பிறகு அவளிடம் சொன்ன அந்த வாக்கியம். மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே அது அவளிடமிருந்து இன்னும் ஒன்றை எடுப்பதுபோல இருந்தது.

அவள் கையை உடுப்பில் துடைத்தாள்.

“என்னோட கொப்பிய பாத்தீங்களா?”

“ஓம். ஒரு பிழையும் இல்லை.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“இல்லை.”

கட்டிலில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“எனக்கு இந்தப் படிப்பு ஏறலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் அக்கா. தோட்டம் பூரா அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. கொழும்பு வரைக்கும் போச்சு, கணக்கு வரல, படிப்ப விட்டுருச்சுன்னு. மிஸ் கடுதாசி எழுதுவாங்க, சஞ்சிகைல வரும், எல்லாஞ் சரி. அத எங்க அம்மா வாசிக்குமா?”

போனை எடுத்து எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினாள்.

மறுபுறம் “சொல்லு சாமி” என்ற குரல் கேட்டது. நான் கலைவாணி இல்லை, அவளுக்கு முன்னர் அந்த வேலையைச் செய்தவள் என்றேன். குவாண்டம் புள்ளியையும் யன்னலையும் எப்படிச் சொல்வதென்று தடுமாறினேன். பிறகு நான் செய்ததையே சொன்னேன். ஒன்றை அளந்தேன், வரவில்லை, வந்ததாக எழுதினேன். உங்கள் மகள் அதையே அளந்தாள், வரவில்லை, வரவில்லையென்று எழுதினாள். எல்லோரும் அவளில்தான் பிழை என்று நினைத்தார்கள். நானும் அவளிடம் அப்படியே சொன்னேன்.

அந்த அம்மாவின் பின்னால் ஒரு கோழி கத்தியது.

“அப்ப எம்புள்ள செஞ்சது சரிதானா?”

“சரிதான், அம்மா. அவ செய்தது முழுக்கச் சரி.”

“அப்ப அந்த வேலைய திருப்பிக் குடுத்துருவாங்களா?”

அதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று எண்ணிப் போயிருக்கிறேன். எனக்குத் தெரியாது, அம்மா என்றேன்.

“கேட்டுப் பாத்துட்டுச் சொல்லும்மா” என்றார்.

கேட்டிருக்கிறேன். பதிவுக் காலம் முடிந்துவிட்டது என்று முதலில் பதில் வந்தது. காரணத்தை விளக்கி மிஸ்ஸும் நானும் மறுபடி எழுதியிருக்கிறோம். நான் எழுதியதில் பிழை செய்தவள் நான் என்பதை முதல் வரியிலேயே போட்டேன். மேற்படிப்புப் பதிவுக் குழு கூடவேண்டும் என்கிறார்கள். திரும்பி வருவாயா என்று கலைவாணியிடம் கேட்டேன். குடுக்கட்டும், பிறகு யோசிக்கிறேன் என்கிறாள். இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டினேன். பெயரை மாற்றவா என்று கேட்டதற்கு, வேண்டாம், என் பெயரும் ஊரும் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைக்கிறார். என் எண்ணை மகளிடம் வாங்கி வைத்திருக்கிறார். வேறு எதுவும் பேசமாட்டார். இன்று காலையும் அழைத்தார். என்னம்மா, கேட்டியா என்றார். கேட்டேன், இன்னும் பதில் இல்லை என்றேன்.

“சரி. கேட்டுக்கிட்டே இரும்மா” என்று சொல்லிவிட்டு வைத்தார்.